ஏசர் கணிதக் கருவி: அளவும் எல்லையும்

பிரதம் என்னும் கல்வித் தொண்டு நிறுவனம் 2005இல் தொடங்கிய, குழந்தைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் ஆய்வின் கணிதக் கருவிக்குப் படிகள் நான்கே: 1 முதல் 9 வரை எண்ணறிதல், 10 முதல் 99 வரை எண்ணறிதல், கடன் வாங்கிச் செய்யும் ஈரிலக்கக் கழித்தல், மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். கிராமப்புறக் கணக்கெடுப்புக்காகப் பிறந்த இக்கருவி, வகுப்பறையில் மாணவரைப் பிரித்து அமர்த்தவும் முன்னேற்றத்தைத் தொடரவும் பயன்படுகிறது. கணக்கெடுப்புக்கு உகந்தது வகுப்பறைக்கும் பொருந்துமா?

கருவியின் வலிமை அதன் முறையில் இருக்கிறது. ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே சோதிப்பதால், ஊகத்தால் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கு இடமில்லை. எந்த வகுப்பானாலும் ஒரே தாள் என்பதால், எட்டாம் வகுப்பு மாணவர் கழித்தலில் தடுமாறுவதும் மறைவதில்லை. தேர்ச்சி விழுக்காடு மூடிவைத்ததை இத்தாள் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. அது பெரும் சாதனை.

பலவீனம் பதிவில் இருக்கிறது. 52இலிருந்து 37ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு மாணவி 25 என்கிறாள், இன்னொருத்தி 14 என்கிறாள். முதலாமவள் ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். அவளுக்கு இடமதிப்பே பிடிபடவில்லை. மற்றவள் முறையறிந்தும் எண்ணுகையில் ஒன்று பிசகியிருக்கலாம். இருவருக்கும் தேவைப்படும் பாடம் வேறு; பதிவேடோ இருவரையும் ஒரே படியில் நிறுத்துகிறது. கழித்தல் பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கு உண்டென்று ஆய்வாளர்கள் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978இலேயே காட்டியிருக்க, பிழையைப் பதியாத பதிவேடு ஆசிரியருக்குப் பாதியே உதவும்.

படிகளின் இடைவெளியும் சீராக இல்லை. கழித்தலுக்கும் வகுத்தலுக்கும் நடுவே பெருக்கல் முழுவதும் கிடக்கிறது. வாய்ப்பாட்டில் தேறிய மாணவியும், வகுக்கும்வரை நகராதவளாகவே தெரிவாள். பின்னமும் வடிவியலும் அளவைகளும் இந்நான்கு படிகளுக்குள் வரவில்லை. கணக்கெடுப்பில் அது நியாயமான சுருக்கம். வகுப்பறையிலோ அளக்கப்படாதது கற்பிக்கப்படாமலும் போகும்.

ஒரு மாவட்டத்தின் நிலையை மதிப்பிட இது எளிமையும் நேர்மையும் பொருந்திய கருவி. ஒரு மாணவியின் வளர்ச்சியைத் தொடர்வதற்கோ, தொடக்கப்புள்ளி மட்டுமே. தனித்தனியே கேட்கும் முறையைக் காத்து, படியின் பெயரோடு அவள் சொன்ன விடையையும் கணக்கிட்ட வழியையும் எழுதிவைக்கும் பதிவேடே கண்காணிப்பு என்ற பெயருக்குத் தகும்.