பானையில் 21 நாள்

மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்துக்குள் வாய்க்குத் துணி கட்டிய மண்பானைகள் இருக்கின்றன. உள்ளே நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தார் பிடித்து வந்தவை. மூன்று வாரம் வைத்திருந்து, பாம்புக் கடி மருந்துக்காக நான்கு முறை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டி, காட்டில் கொண்டுபோய் விடுவார்கள். பார்க்க வருகிறவர்களுக்குப் பாம்பின் மேல்தான் கண். இந்தப் பானைகள் நிறைவதும் காலியாகக் கிடப்பதும் வனத்துறை தரும் ஒரு தாளைப் பொறுத்தது என்பது அங்கே யார் கண்ணிலும் படுவதில்லை.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் உயிரோடு பிடிப்பதும் அடங்கும். ஆகவே வரப்பில் கடப்பாரையோடு வளை தோண்டும் பழங்குடி இருளர் சட்டத்தின் கண்ணில் வேட்டைக்காரர். அவருக்கு வழி விடுவது 12ஆம் பிரிவு. கல்வி, அறிவியல் ஆய்வு ஆகியவற்றோடு, உயிர் காக்கும் மருந்துக்காகப் பாம்பு விஷம் சேகரிப்பதையும் அது அனுமதிக்கத்தக்க காரணமாக ஏற்கிறது. மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் நிபந்தனைகளோடு எழுத்தில் ஆணை தர வேண்டும். அதற்கு முன் அரசின் ஒப்புதல் வேண்டும். அந்த ஆணை கையில் இருந்தால் பிழைப்பு. இல்லாவிட்டால் அதே வேலைக்குச் சிறை.

இந்த ஏற்பாட்டின் நன்மையை முதலில் மனதாரச் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். பாம்பு செத்தால்தான் அதில் காசு. சட்டம் வந்து, 1976இல் தோல் ஏற்றுமதியும் தடைப்பட்டபோது, பரம்பரையாக வந்த ஒரே திறமை ஒரே நாளில் குற்றமாகிப்போனது. 1978இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முன்முயற்சியில் பிறந்த சங்கம் கணக்கையே திருப்பிப் போட்டது. இனிப் பாம்பு உயிரோடு இருந்தால்தான் கூலி. எந்த இனம், எத்தனை, எத்தனை நாள், எப்போது விடுவது என்று வரையறுத்த அனுமதி முறை வேட்டையை ஓர் இரவலாக்கியது. காட்டுயிரையும் மனிதரையும் ஒருசேரக் காப்பாற்றிய அரசு ஆணைகள் நம்மிடம் அதிகம் இல்லை. சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள் என்றால், அதற்குப் பின்னால் இந்தத் தாளும் இருக்கிறது.

குறை எங்கே? அனுமதி கொடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஆணையில் கையெழுத்துப் போட்டு, பிடித்த பாம்புகள் கூடுதலாகச் செத்தால் கேள்வி அந்த அதிகாரியிடம் வரும். கையெழுத்தைத் தள்ளிப்போட்டால் எந்தக் கேள்வியும் வராது. அந்தத் தாமதத்தால் குறைந்த விஷம், அதனால் குறைந்த மருந்து, அதனால் எங்கோ ஒரு வயலோரத்தில் போன உயிர் எதுவும் அவர் மேசைக்குத் திரும்பி வருவதில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது ஆய்வு மதிப்பீடு. ஆண்டுக்குச் சுமார் 58,000. பெரும்பாலோர் கிராமத்தில் வாழ்ந்தவர்கள். இவர்களின் இழப்பு பதிவாகாத ஒரு கோப்பில், பிடிக்க அனுமதிக்கும் பாம்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும் காலம் தாழ்த்துவதும்தான் எப்போதும் பாதுகாப்பான முடிவாக இருக்கும். நான் அதிகாரியைக் குறை சொல்லவில்லை. எச்சரிக்கையானவரைக்கூடத் தவறான பக்கம் சாய்க்கும்படி அந்த நாற்காலி போடப்பட்டிருக்கிறது. போதாததற்கு, சங்கம் இருப்பது தொழில் வணிகத் துறையின் கீழ். பாம்பு இருப்பது வனத்துறையின் கீழ். மருந்து கேட்கும் சுகாதாரத் துறைக்கு இந்தப் பேச்சில் இடமே இல்லை.

எத்தனை பாம்பு என்ற எண்ணை எதைக் கொண்டு முடிவு செய்வது என்றும் 12ஆம் பிரிவு சொல்லவில்லை. இத்தனைக்கும் விடை பாம்பின் வயிற்றிலேயே இருக்கிறது. அடையாளம் வெட்டிய பாம்பு மறுபடி அகப்பட்டால், விடப்பட்டது பிழைத்திருக்கிறது என்று பொருள். எந்தப் பகுதியில் எத்தனை அகப்பட்டன, எத்தனை நாள் கழித்து என்று ஒழுங்காகத் தொகுத்தால் அது ஒரு கணக்கெடுப்பு. அடுத்த ஆணையின் எண்ணை அதுதான் தீர்மானிக்க வேண்டும் என்பேன். விடும் இடமும் ஆணையில் அழுத்தமாக இருக்க வேண்டும். பழகிய வளையை விட்டுத் தொலைவில் இறக்கப்படும் பாம்பு திக்குத் தெரியாமல் அலைந்து சாகும் வாய்ப்பு அதிகம். இந்த இரண்டையும் கேட்டு வாங்குகிற அதிகாரி, எண்ணிக்கையைக் குறைக்காமலே பாம்பைக் காக்க முடியும்.

இன்னொரு குறை தமிழ்நாட்டோடு நிற்பதல்ல. நாட்டின் நச்சுமுறி மருந்துக்கான விஷம் பெருமளவு இந்தச் சங்கத்திலிருந்தே, அதாவது சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்களின் பாம்புகளிலிருந்தே போகிறது. ஆனால் ஒரே இனமானாலும் விஷம் ஊருக்கு ஊர் மாறும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. இங்கத்திய விஷத்தைக் குதிரைக்கு ஏற்றி எடுத்த மருந்து, வடக்கிலும் மேற்கிலும் சில பாம்புகளின் கடிக்குச் சரியாக எடுபடுவதில்லை. இந்தக் குறை இருளர்கள் மேல் இல்லை. ஒரு மாநிலம் 1978இலிருந்து ஒரு நல்ல முறையை நடத்திக் காட்டியும், மற்ற மாநிலங்களின் காப்பாளர்கள் அதே 12ஆம் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அளவுக்கு ஒன்றை வளர்க்கவில்லை.

அனுமதி யாருக்கு என்பதும் உறுத்துகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் மரபுரிமைகளை ஏற்கும்போதே, விலங்குகளைப் பிடிக்கும் மரபுரிமையை மட்டும் விலக்கி வைத்தது. காரணம் புரிகிறது. ஆனால் அதன் விளைவாக, மண்ணில் கிடக்கும் தடத்தையும் எச்சத்தையும் பார்த்து உள்ளே என்ன பாம்பு என்று சொல்லும் ஒரு சமூகம், ஒவ்வொரு முறையும் புதிய விண்ணப்பதாரரைப் போல வாசலில் நிற்கிறது. பாம்புகள் வெளியே வரும் பருவம் கோப்புக்காகக் காத்திருக்காது. ஒரே தவணையில் சில ஆண்டுகளுக்கான அனுமதி, அடையாளக் கணக்கைப் பார்த்து இடையில் எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ அதிகாரம், அந்தக் கணக்கைப் பார்க்கும் மேசையில் இருளர் ஒருவர், சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. நிபந்தனைகளை எழுதும் உரிமையைச் சட்டம் ஏற்கெனவே அதிகாரியிடம் கொடுத்திருக்கிறது.