பாடத்துக்கு எத்தனை பைத்தான் வேண்டும்?

உபுண்டு 22.04 நிறுவிய கணினியில் பைத்தான் 3.10 ஏற்கெனவே இருக்கும், 24.04-இல் 3.12. இயங்குதளத்தின் பல கருவிகள் அதை நம்பியே ஓடுகின்றன. அந்த இடத்தில் வேறு பதிப்பை வைத்தால் டெர்மினல்கூடத் திறக்காமல் போகலாம். நிர்வாகி உரிமையோடு தொகுப்புகளை நிறுவும் 'சூடோ பிப்' கட்டளையைப் போட்டுப் பழகியவர்கள் பலர், அந்தப் பைத்தானின் தொகுப்புகளை மாற்றிக் கணினியைக் கெடுத்துக்கொண்டார்கள். 2023-இல் வெளிவந்த டெபியன் 12 அந்தப் பழக்கத்தைத் தடுத்தது. தேவையான தடைதான். ஆனால் தடையைத் தாண்டும் வழியையும் அதே பிழைச்செய்தியில் எழுதியிருக்கிறார்கள். அவசரத்தில் இருப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

இதற்கு மாற்றாக அனுபவசாலிகள் சொல்வது பைஎன்வ். வேண்டிய பதிப்புகளைப் பயனரின் கோப்புறையிலேயே நிறுவி, திட்டத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். இயங்குதளத்தின் பைத்தானுக்கு ஒன்றும் ஆகாது.

பதிப்பு மாற்றம் தமிழருக்குச் சிறு விஷயமில்லை. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், யூடிஎஃப்-8 முனையத்தில் பைத்தான் 2 சாதாரணமாக 15 என்றது, பைட்டுகளை எண்ணியது. பைத்தான் 3 ஐந்து என்கிறது. மூன்று எழுத்து என்ற சரியான விடைக்கு ஓப்பன்-தமிழ் போன்ற நிரல்தொகுப்பு வேண்டியிருக்கிறது. 2020 ஜனவரி 1-உடன் பைத்தான் 2-க்கான ஆதரவு முடியும்வரை, இரண்டு உலகங்களிலும் நிரலைச் சோதித்தவர்களுக்குப் பல பதிப்புகள் அருகருகே இருப்பது உயிர்நாடியாக இருந்தது.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பிளஸ் டூ கணினி அறிவியல் படிக்கும் மாணவிக்கும் பைஎன்வ் என்ற இதே அறிவுரையைச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. பைஎன்வ் வழக்கமாக மூல நிரலை இறக்கி, அந்தக் கணினியிலேயே கம்பைல் செய்கிறது. சிறிய மடிக்கணினியில் அதற்கு நேரமாகும். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் போனால், இறக்குவதற்கு முதலில் சிக்னல் கிடைக்க வேண்டும். இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. எஸ்கியூலைட்டின் மேம்பாட்டுக் கோப்புகள் இல்லாவிட்டாலும் நிறுவல் ஓர் எச்சரிக்கையோடு முடிந்துவிடும். பிறகு, தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் பைத்தான் வழியே எஸ்கியூஎல் கற்பிக்கும் பாடத்துக்கு வரும்போது, முதல் இம்போர்ட் வரியே பிழை காட்டும். அந்தப் பிழைக்கும் பல வாரங்களுக்கு முந்தைய எச்சரிக்கைக்கும் உள்ள தொடர்பை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அவருக்கு இயங்குதளத்தோடு வந்த பைத்தானே போதும். பாடத்தின் நிரல்கள் 3.8-இலும் ஓடும், 3.12-இலும் ஓடும். கூடுதல் தொகுப்பு வேண்டுமானால், திட்டத்துக்கென வென்வ் என்ற தனிச்சூழலை உருவாக்கி அதற்குள் நிறுவலாம். டெபியனும் உபுண்டுவும் வென்வுக்கான துணைப்பொதியைத் தனியாகப் பிரித்து வைத்திருப்பது தேவையற்ற தடங்கல். பள்ளி ஆய்வகத்தில் லினக்ஸ் நிறுவும்போதே அதையும் சேர்த்துவிட வேண்டும்.

2024-இல் வந்த யூவி என்ற கருவி, கம்பைல் செய்யாமல் ஆயத்தமான பைத்தானையே இறக்கித் தருகிறது. நேரச்சிக்கலும் எஸ்கியூலைட் சிக்கலும் அதில் தீர்கின்றன. இணையம் மட்டும் அதற்கும் வேண்டும்.