இருபது மதிப்பெண் ஆராய்ச்சி

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மாநிலப் பாடத்திட்டத்தை விட்டு மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாறியதை ஆதரிப்போர், வரலாற்றுப் பாடத்தைப் பற்றிப் பேசும்போது முன்வைக்கும் வாதம் ஒன்றுண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வோடு 20 மதிப்பெண்ணுக்குச் செயல்திட்டம், அதாவது மாணவர் வழக்கில் ‘புராஜெக்ட்’, சேர்ந்திருப்பதால் பிள்ளைகள் ஆராயக் கற்கிறார்கள் என்பதே அது. ஆண்டுகளையும் போர்களையும் ஒப்பிப்பதே வரலாறு என்றிருந்த பழக்கத்தை இந்த ஏற்பாடு சற்றுத் தளர்த்தியது உண்மை. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தை ஒட்டி எழுதப்பட்ட பாடநூல்கள் கல்வெட்டு, பயணக்குறிப்பு, அரசு அறிக்கை ஆகிய மூலச்சான்றுகளின் பகுதிகளைப் பெட்டிகளில் தந்து அவற்றின்மேல் வினா எழுப்புவதும் பாராட்டத்தக்கதே. எனினும் செயல்திட்டம் என்ற பெயரில் வகுப்பறையில் நடப்பதை ஆராய்ச்சி என்று அழைக்க இவை போதா.

ஆராய்ச்சி முரண்பாட்டில் தொடங்குகிறது. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் சாம் வைன்பர்க் 1991இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க விடுதலைப் போரின்போது 1775இல் நடந்த லெக்சிங்டன் மோதலைப் பற்றிய ஆவணங்கள் வரலாற்றறிஞர்களிடமும் உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடமும் தரப்பட்டன. அறிஞர்கள் ஆவணத்தை எழுதியவர் யார், எப்போது, எந்த நிலையிலிருந்து எழுதினார் என்பதைப் பார்த்துவிட்டே உள்ளே நுழைந்தனர். பாடத்தை நன்கறிந்த மாணவர்களோ எழுதியவரைப் பெரும்பாலும் பொருட்படுத்தாமல் செய்தியை மட்டும் திரட்டிக்கொண்டனர். எழுதியவரை விசாரித்தல், ஒரு சான்றை மற்றொன்றோடு ஒப்புநோக்கல், அதன் காலச் சூழலில் வைத்துப் பார்த்தல் ஆகிய இம்மூன்றையுமே வரலாற்றுச் சிந்தனை என்ற தொடர் குறிக்கிறது. செயல்திட்டத் தலைப்புகளோ பெரும்பாலும் ஹரப்பா, மௌரியர், புத்தர், பக்தி இயக்கம், விஜயநகரம் என்ற வரிசையிலேயே நிற்கின்றன. இத்தலைப்புகள் கேள்விகளே அல்ல என்பதால் விடை தேட வேண்டிய கட்டாயமும் எழுவதில்லை. இணையத்திலிருந்து எடுத்த பத்திகளும் வண்ணப் படங்களும் கொலுப்படியில் பொம்மைகளைப்போல அடுக்கப்பட்டு, நன்றியுரையும் நூற்பட்டியலும் சேர்ந்து கோப்பாகின்றன. அந்நூற்பட்டியலில் உள்ள நூல்களை மாணவர் கண்ணால் பார்த்தாரா என்று வாய்மொழித் தேர்வில் கேட்கப்படுவது அரிது.

புதுச்சேரியின் கதிர்காமத்தில் படிக்கும் ஒரு மாணவிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் நேர்ந்தவற்றை எண்ணிப் பார்த்தால் இக்குறை இன்னும் கூர்மையாகத் தெரியும். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அதைப் பதிவு செய்த ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். இடிப்புக்கு ஆளுநரின் மனைவியையும் சேசு சபையினரையும் அவர் பழிக்கிறார். ஆனால் அவ்வம்மையாருக்கும் பிள்ளைக்கும் இடையே முன்பே பகை இருந்தது. கோயிலை இழந்த சமூகத்தவர்களுள் பிள்ளையும் ஒருவர். அதேவேளையில் இடிப்புக்கு உத்தரவிட்ட அரசிடம் ஊழியம் பார்த்தவரும் அவரே. அவருடைய சாட்சியத்தில் எதை நம்புவது, எதைப் பிரெஞ்சு ஆவணங்களோடு ஒப்பிட்ட பின்பே ஏற்பது என்ற கேள்வியை ஒரு வாரம் விவாதித்தால், மௌரியர் பற்றிய நாற்பது பக்கக் கோப்பு கற்றுத்தராததை மாணவி கற்பாள்.

பிற்காலத்திலும் இத்தகைய கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் எதிர்காலம் குறித்து 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். அவர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள். நேரடியாக மக்கள் வாக்களிக்கவில்லை. ஆட்சி நவம்பர் 1 அன்று கைமாறியது, சட்டப்படியான இணைப்போ 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருந்தது. எந்த நாளை விடுதலை நாள் என்பது, யாருடைய வாக்கை மக்கள் விருப்பம் என்பது என்ற இரண்டும் பதினேழு வயதுப் பிள்ளைகள் வாதிடத் தகுந்தவை. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டை அரசுத் தரப்பு எப்படிச் சொன்னது, தொழிற்சங்கத் தரப்பு எப்படிச் சொன்னது என்பதும் அவ்வாறே.

இவை செயல்திட்டங்களில் அரிதாவதற்கு ஆசிரியர்களின் சோம்பலைக் காரணம் காட்டுவது எளிது, நியாயமன்று. கோப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட வேண்டியிருப்பதால், தமிழில் எழுதப்பட்ட நாட்குறிப்பும் ஊர்ப் பெரியவரின் வாய்மொழியும் மாணவிக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் கோப்புக்கு வெளியே நின்றுவிடுகின்றன. தன் மொழியில் எழக்கூடிய ஐயத்தை அவள் வேறு மொழியின் ஆயத்தச் சொற்களால் மூடிவிடுகிறாள். மதிப்பிடுபவருக்கும் அழகிய கோப்பைப் பார்த்து மதிப்பெண் இடுவது எளிது, தடுமாறும் சிந்தனையை அளப்பது கடினம். ஆகவே இன்றைய வடிவில் இந்த 20 மதிப்பெண் ஒழுங்குக்கும் கையெழுத்துக்கும் கிடைக்கும் பரிசாகவே இருக்கிறது. பொதுத்தேர்வு மதிப்பெண் கூட அது உதவுகிறதே என்பார் உண்டு. உதவுவது மதிப்பெண்ணுக்கு மட்டுமே.

வாரியம் தரும் தலைப்புகள் பரிந்துரைகளே. புதுச்சேரிப் பள்ளிகளின் வரலாற்றுப் பாட ஆசிரியர்கள் அடுத்த ஆண்டு ஒரு வகுப்பிலாவது தலைப்புப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, ஒரே நிகழ்ச்சியைப் பற்றி முரண்படும் இரண்டு சான்றுகளை மாணவர் கையில் கொடுத்து, எதை ஏன் நம்புகிறார்கள் என்று எழுதச் சொல்ல வேண்டும்.