நான்கு எழுத்துக்களுள் அடங்குவானா மனிதன்?

தன்னைத் தானறிய விழைதல் மனிதனின் பழைய வேட்கை. இன்று அவ்வேட்கைக்குக் கேள்வித்தாள் ஒன்று நீட்டப்படுகின்றது. விடையளித்து முடித்ததும், பதினாறு வகையினருள் நாம் எவ்வகையினர் என்பதை நான்கு எழுத்துக்கள் கூறிவிடுகின்றன.

இம்முறையின் பிறப்பை நோக்குவோம். சுவிஸ் உளவியலறிஞர் யுங், ஆளுமை வகைகள் பற்றி 1921இல் நூலொன்றை வெளியிட்டார். அதனைத் தழுவி இதனை ஆக்கியோர் அமெரிக்கரான கதரின் பிறிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் ஆவர். இருவரும் உளவியலை முறையாகப் பயின்றவரல்லர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ஆளுக்கேற்ற தொழிலைத் தெரிதற்கு உதவுவதே மகளின் நோக்கமாயிருந்தது.

ஆயினும் முடிவு பொருந்துகின்றதே என்பர். 1948இல் பேட்ரம் போரர் என்னும் உளவியலாளர் மாணவர் 39 பேரைச் சோதித்தார். பின்னர், சோதிட நூலொன்றிலிருந்து தொகுத்த ஒரே குறிப்பை அனைவருக்கும் தனித்தனியே வழங்கினார். அதன் பொருத்தத்திற்கு அவர்கள் ஐந்துக்குச் சராசரி 4.26 புள்ளி இட்டனர். அது வேறு சோதனையே; எனினும், பொருந்துவதாகத் தோன்றுவது உண்மைக்குச் சான்றாகாது என்பது தெளிவு.

நண்பரிடையே இது பேச்சுக்கு உதவுமெனின் நாம் மறுக்கவில்லை. முதலாளியின் மேசையை அடையும்போதோ, வேலைப்பளுவால் எழும் தொழிலாளியின் மனக்கசப்பு அவனது பிறவிக் குணமாகிவிடும், பளு மறைக்கப்படும்.

மனிதன் வாழ்நிலையால் உருவாகுபவன். அதனை மாற்ற முனைகையில் தானும் மாறுபவன். நல்ல நாவலாசிரியன் இதனை அறிவான், கேள்வித்தாள் அறியாது.