ஒன்பது கோடுகள்

டிஸ்கஸ் மீனின் தட்டையான வட்ட உடலில் மேலிருந்து கீழாக ஒன்பது கருங்கோடுகள் இறங்குகின்றன. அவை எப்போதும் ஒரே மாதிரி தெரிவதில்லை. மீன் நிம்மதியாக இருந்தால் கோடுகள் மங்கிப்போய், பழுப்பும் நீலமும் மட்டும் மேலெழும்பும். தொட்டியருகே யாராவது சட்டென்று வந்து நின்றால் ஒன்பதும் கருத்துவிடும். ஜோடி சேர்ந்து முட்டையிடும் நாட்களில் உடலின் பின்பாதி மட்டும் இருண்டு நிற்கும். மீனுக்கு முகபாவம் கிடையாது என்பவர்கள் ஒரு நல்ல டிஸ்கஸின் முன்னால் அரை மணி நேரம் உட்கார வேண்டும். ஆற்றில் பிடித்ததை வாங்குவதா, பண்ணையில் பிறந்ததை வாங்குவதா என்று கேட்பவர்களை முதலில் இந்தக் கோடுகளைத்தான் பார்க்கச் சொல்வேன். நிறமும் விலையும் அதற்கு அப்புறம்.

ஆற்று மீன்களில் என் மனம் நிற்பது ஹெக்கெல் டிஸ்கஸிடம். ஆஸ்திரியரான யோஹான் நாட்டரர் பிரேசிலில் சேகரித்த மீன்களை வைத்து, வியன்னாவில் யோஹான் யாக்கோப் ஹெக்கெல் 1840இல் இந்த இனத்தை விவரித்தார். ரியோ நீக்ரோ ஆறு இதன் முக்கியமான வாழிடம். இதில் ஒன்பது கோடுகளும் சமமில்லை. கண் வழியாக இறங்கும் முதல் கோடும், வாலடியில் இருக்கும் கடைசிக் கோடும், நடுவில் இருக்கும் ஐந்தாவதும் தடித்திருக்கும். அந்த நடுக்கோடு உடலை இரண்டாகப் பகுப்பதுபோல அகன்று நிற்க, அதன் குறுக்கே மெல்லிய நீல இழைகள் நெளிந்து ஓடும். கடையின் வெள்ளை விளக்கில் இந்த மீன் வெறும் பழுப்பாகத் தெரியும், பலர் கடந்துபோய்விடுவார்கள். பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் இருப்பது ரியோ நீக்ரோவின் தண்ணீர். உதிர்ந்து ஊறும் காட்டு இலைகள் கொடுத்த நிறம் அது. உப்புகள் ஏறக்குறைய இல்லாத, பி.எச். நான்கு, ஐந்தில் நிற்கும் அமிலத் தண்ணீர். மூழ்கிய மரக்கிளைகளுக்கு நடுவே, மங்கிய ஒளியில் வாழ்வதற்கான உடை இந்த மீனின் நிறம். வீட்டுத் தொட்டியிலும் விளக்கைத் தணித்து, மரக்கட்டைகளை நட்டு, தண்ணீருக்குக் கொஞ்சம் பழுப்பேற்றிப் பாருங்கள். அந்த நீல இழைகள் துலங்குவது அப்போதுதான்.

பண்ணை மீனின் கதை மனிதக் கையின் கதை. அமெரிக்காவில் ஜாக் வாட்லியும், ஜெர்மனியில் மருத்துவரான எட்வர்ட் ஷ்மிட்-ஃபோக்கேயும் ஆற்று மீன்களில் நீலம் மிகுந்தவற்றைத் தேர்ந்து தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்துவந்தார்கள். வாட்லியின் டர்க்காய்ஸ் மீன்களில், நெற்றியில் இருந்த நீலம் உடல் முழுக்கப் பரவியது. மீன் தன்னிடம் வைத்திருந்ததையே பெருக்கிக் காட்டியது அந்த வேலை. அதை உயர்ந்த கலை என்றே சொல்வேன். பிறகு 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து பிஜியன் பிளட் வந்தது. ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பளிச்சிடும் அந்த மீனில் கோடுகளே இல்லை. கரிய நிறமி மிளகுத்தூளாகச் சிதறிக் கிடக்கும். அதன் வழிவந்த சிவப்பு, மஞ்சள் வகைகள்தான் இன்று கடைகளை நிறைக்கின்றன. அழகில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயந்தாலும் காதலித்தாலும் அது ஒரே முகத்தோடு இருக்கிறது. எனக்கு அது பெரிய இழப்பு.

இரு வகைக்கும் பொதுவான ஓர் அதிசயம் உண்டு. நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் தாய், தந்தை இருவரின் உடலிலும் ஒட்டிக்கொண்டு, தோலில் சுரக்கும் சளியைக் கொத்தித் தின்கின்றன. ஒருவர் களைத்தால் சட்டென உடலை உதறி மற்றவரிடம் குஞ்சுகளை ஒப்படைப்பார். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, முட்டையிட்ட பிறகு அந்தச் சளியில் புரதம் கூடுகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து பெற்றோர் மெல்ல விலகி நீந்தத் தொடங்குகிறார்கள். இருண்ட பின்னுடல் குஞ்சுகளுக்கு வழிகாட்டும் என்றும், பிஜியன் பிளட் பெற்றோரைக் குஞ்சுகள் கண்டடையத் தடுமாறும் என்றும் வளர்ப்பவர்கள் சொல்வதுண்டு.

ஆற்றில் பிடித்த மீனை வாங்குவது பாவம் என்று தயங்குபவர்கள் பார்செலோஸ் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரியோ நீக்ரோ கரையில் இருக்கும் அந்த ஊரில் வண்ண மீன் பிடிப்பு பல குடும்பங்களின் பிழைப்பு. அங்கே நடக்கும் மீன் திருவிழாவில் கார்டினல் டெட்ரா என்ற மீனின் பெயரில் ஓர் அணியும், டிஸ்கஸின் பெயரில் ஓர் அணியும் மோதும். மீனுக்கு விலை இருக்கும்வரை காட்டை வெட்ட அவசியம் வராது என்பதே அங்கு இயங்கும் ப்ராஜெக்ட் பியாபா என்ற திட்டத்தின் வாதம். கைவலையால் அளவோடு பிடிக்கும் அந்தத் தொழிலை நான் மதிக்கிறேன். என் தயக்கம் வேறு. பயணத்தில் வாடிவரும் மீனுக்குச் செவுள் புழுவும் குடல் புழுவும் கூடவே வரும். தனித் தொட்டியில் பல வாரம் வைத்து மருந்து கொடுத்து, உறைந்த செம்புழு காட்டி இரை பழக்க வேண்டும். அதற்கு நேரமில்லாதவர் ஆற்று மீனைத் தொடக் கூடாது.

சென்னையில் போர்வெல் தண்ணீர் கடினமானது. கொளத்தூர் மீன் சந்தைக்குப் போய்வருபவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. பண்ணை மீன் ஓரளவு கடின நீரிலும் வளர்ந்துவிடும். ஹெக்கெலுக்கு அது ஆகாது. ஆர்.ஓ. தண்ணீரும், காய்ந்த நாட்டு வாதாம் இலையும், 28 முதல் 30 டிகிரி வெப்பமும் ஆண்டு முழுக்கத் தர முடிந்தால் மட்டும் அதை நினைக்கலாம். மற்றவர்களுக்கு நான் சொல்வது இடைவழி: ஆற்று மீன்களுக்குத் தொட்டியில் பிறந்த முதல் தலைமுறை. எஃப்-1 என்று கேட்டால் விவரம் தெரிந்த விற்பனையாளருக்குப் புரியும். கோடுகளும் இருக்கும், கையிலிருந்து இரையும் எடுக்கும். அது கிடைக்காவிட்டால் கோடு போகாத டர்க்காய்ஸ். எதுவானாலும் ஐந்தாறாக வாங்குங்கள்; தனியாக விட்டால் ஒடுங்கிவிடும். உடலுக்குப் பொருந்தாமல் கண் பெரிதாக இருந்தால் அது வளர்ச்சி குன்றிய மீன். வெள்ளை நூல்போலக் கழிவு தொங்கினால் குடலில் நோய் இருக்கலாம். இந்த இரண்டில் ஒன்று தெரிந்தாலும், நிறம் எவ்வளவு இழுத்தாலும், அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள்.