தேவிகுளம் இடைத்தேர்தலும் பாவலர் வரதராசன் பாடல்களும்: சான்றுகள் குறித்த ஒரு மதிப்பீடு

இசையும் அரசியலும் என்னும் பொருளில் முதுகலை மாணவர் எழுதும் திட்டக்கட்டுரைகளில் சில எடுத்துக்காட்டுகளே மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. நாடக மேடையில் உயிர்நீத்த விசுவநாததாஸ், மதுரகவி பாஸ்கரதாஸ், 1940களின் தமிழிசை இயக்கம் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இடுக்கி மாவட்டத்துப் பள்ளிவாசல், மூணாறு, தேவிகுளம் பகுதித் தோட்டக் குடும்பங்களிலிருந்து வரும் மாணவருக்கு இவற்றினும் நெருக்கமான பொருள் ஒன்று உண்டு. 1958 மே மாதம் நடைபெற்ற தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் வரதராசன் பாடிய பாடல்களே அது. இப்பொருளுக்குரிய சான்றுகள் எத்தகையவை, அவற்றை எங்ஙனம் கையாளுதல் தகும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1957 தேர்தலில் கேரளச் சட்டமன்றத்தின் 126 இடங்களுள் 60ஐப் பெற்ற பொதுவுடைமைக் கட்சி, சுயேச்சைகள் ஐவரின் துணையுடன் ஆட்சி அமைத்தது. தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸின் தேர்தல், எதிர்த்தரப்பு வேட்பாளர் ஒருவரின் வேட்புமனு முறையின்றி ஒதுக்கப்பட்டது என்னும் காரணத்தால் செல்லாததாயிற்று. பெரும்பான்மை இத்துணை மெலிதாக இருந்த நிலையில், மறுதேர்தல் ஓர் ஆட்சியின் மானப் பிரச்சினை ஆனது. தோட்ட வாக்காளருள் பெரும்பாலோர் தமிழர். பண்ணைப்புரத்துப் பாவலர் மலையேறியதன் பின்னணி இதுவே. ரோசம்மா மீண்டும் வென்றார்.

வெற்றியைத் தேடித் தந்தது பாவலரின் பாட்டே என்பதும், முதலமைச்சர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடே அதனை ஏற்றுப் பாராட்டினார் என்பதும் பரவலாகச் சொல்லப்படும் செய்திகள். மாணவர் கட்டுரைகள் இவற்றை அப்படியே எடுத்தாள்கின்றன. ஆயின், இச்செய்தி நம்மை வந்தடைந்த வழியை நோக்குதல் வேண்டும். பாவலர் 1973இல் மறைந்தார். இளையராஜாவின் இசையில் 'அன்னக்கிளி' வெளிவந்தது 1976இல். இன்று மேற்கோள் காட்டப்படும் நினைவுகளுள் பெரும்பகுதி, தம்பியின் புகழ் வளர்ந்த பின்னர், அப்புகழின் முன்கதையாகச் சொல்லப்பட்டவை. இளையராஜா பிறந்தது 1943இல். தேர்தலின்போது அவர் பதினைந்து வயது நிரம்பாத சிறுவர். நேரில் கண்டது எது, வீட்டில் கேட்டது எது, பின்னர்ப் பிறர் சொல்லிச் சேர்ந்தது எது எனப் பிரித்தறியாமல் இந்நினைவுகளைச் சான்றாக்குதல் இயலாது. இவ்வாறு கூறுவதால் நினைவுகள் பொய் என்பது பொருளன்று.

மற்றொன்றும் உண்டு. அதே வேட்பாளர் 1957இலும் வென்றவர். எனவே பாட்டால் வென்றார் என எழுதும் மாணவர், இரு தேர்தல்களின் வாக்கு விவரங்களையும் ஒப்பிட்டாக வேண்டும். தோட்டத் தொழிற்சங்கங்களின் வலிமையையும் கணக்கிற் கொள்ள வேண்டும். தேர்தல் ஆணையப் பதிவுகளும் வழக்கின் தீர்ப்புரையும் கிடைக்கக்கூடியவையே. தமிழ்த்துறை மாணவர் நீதிமன்றத் தீர்ப்பைப் படிப்பதா எனத் தயங்க வேண்டியதில்லை.

பாடல்களைத் தேடும்போதுதான் உண்மையான இடர்ப்பாடு தொடங்குகிறது. விடுதலைப் போராட்டக் காலப் பாட்டு நூல்கள் பல இன்று ஆவணக் காப்பகங்களிற் கிடைப்பதற்குக் காரணம், ஆங்கில அரசு அவற்றைத் தடைசெய்து பறிமுதல் செய்தமையே. தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளியிட்ட 'தி மெசேஜ் பேரர்ஸ்' போன்ற ஆய்வுகளுக்கு அவ்வகை ஆவணங்கள் பெருந்துணை புரிந்தன. தேர்தற் பாட்டுக்கு அத்தகைய 'பேறு' வாய்க்கவில்லை. தடைசெய்வார் இல்லாததால் சேமிப்பாரும் இல்லை. 'ஜனசக்தி', 'தேசாபிமானி' முதலிய கட்சி இதழ்களின் 1958ஆம் ஆண்டுத் தொகுதிகளை மாணவர் புரட்டுதல் இன்றியமையாதது. எனினும் செய்தியாளர் பேச்சைக் குறிப்பெடுப்பார். பாட்டையோ ஒரு வரியில் முடித்துவிடுவார். மலையாள இதழுக்கு அது தமிழ்ப் பாட்டு. சென்னை இதழுக்கு அது கேரளத் தேர்தல்.

நம் துறைகளின் வகைப்பாடும் இதற்குத் துணைபோயிற்று. ஆசிரியர் பெயர் தெரிவதால் இப்பாடல் நாட்டுப்புறப் பாடல் ஆகாது. திரைப்பட மெட்டில் அமைந்ததால் இலக்கியமாகாது. இரவல் மெட்டு என்பதால் இசையாய்வுக்கும் ஆகாது. மூன்று வாயிலிலும் திருப்பி அனுப்பப்பட்ட பாட்டு வேறெங்குச் செல்லும்? நா. வானமாமலை நாட்டார் பாடல்களைச் சமூக வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் நெறியைக் காட்டிய பின்னரும் இந்நிலை நீடித்தது வருந்தத்தக்கது. இலங்கை மலையகத்தில் நிலைமை சற்று மேம்பட்டது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளரிடையே பாடிய பாடல்கள் 1940இல் நூலாயின, சி.வி. வேலுப்பிள்ளை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' தொகுத்தளித்தார். இவற்றை ஒப்பீட்டுக்குக் கொள்ளலாம். இவற்றிலுள்ள பாடலை எடுத்து மூணாற்றின் குரல் எனத் தலைப்பிடுதல் முறையன்று.

இரவல் மெட்டு எனத் தள்ளப்பட்ட கூறே ஆய்வாளருக்குக் கைகொடுப்பது. திரைப்படம் வெளிவந்த நாள் தெரியுமாதலின், அதன் மெட்டிலமைந்த பாடல் அந்நாளுக்கு முற்பட்டதாக இருத்தல் அரிது. 'நாடோடி மன்னன்' வெளிவந்தது 1958 ஆகஸ்டில். அப்படப் பாடலின் மெட்டில் அமைந்த ஒன்றை தேவிகுளத்தில் பாடியதாக ஒருவர் நினைவுகூர்ந்தால், அது மே மாத இடைத்தேர்தலுக்கு உரியதன்று. பிற்பட்ட மேடை ஒன்று அந்நினைவில் கலந்துள்ளது. மேலும், மூலப்பாடலின் சொற்கள் கேட்போர் மனத்தில் ஒலிக்க, அதன்மேல் அரசியற் சொற்கள் வந்தமர்கின்றன. இவ்விரட்டை ஒலியைக் கருதாது பாடலின் வரிகளை மட்டும் அச்சிட்டு உவமை, உருவகம் எனப் பகுத்தல் பாதி ஆய்வே.

அதே 1958 அக்டோபரில் மூணாற்றுத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது காவல்துறை சுட்டதில் தொழிலாளர் இருவர் இறந்தனர். மே மாதத்தில் அவர்கள் வாக்களித்து நிலைநிறுத்திய ஆட்சி அப்போதும் இருந்தது. மே மாதத்துப் பாட்டு அக்டோபரில் என்னவாயிற்று? பாடப்பட்டதா, சொல் மாறியதா, அடங்கியதா? வெற்றிக்கதையாகவே இப்பொருளை எழுதும் கட்டுரைகள் எழுப்பாத இவ்வினா, என் கருத்தில் இப்பொருளின் மையம்.

விடை அறிந்தோர் கேட்டவர்களே. 1958இல் இருபது வயதினர் இன்று எண்பத்தைந்தைக் கடந்தவர்கள். ஓய்வு பெற்றோர் லயத்து வீட்டை விட்டு நீங்க வேண்டியிருப்பதால் பலர் தேனி, தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களுக்குத் திரும்பினர். ஆகவே பள்ளிவாசல் பற்றிய களப்பணி பள்ளிவாசலோடு முடிவதில்லை. பாவலரைக் கேட்டதுண்டா என வினவினால் ஆம் என்னும் விடையே வரும். புகழ்பெற்ற பெயர் அது. எந்தப் படத்துப் பாட்டு மெட்டில் பாடினார்கள், யார் உடன் பாடினார்கள், அன்று தோட்டத்தில் எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டினீர்கள் என வினவித் தொடங்குதல் நன்று.