நிகழாத வரலாறும் நாட்குறிப்பும்

வினையெச்ச வாய்பாடுகளுள் ‘செயின்’ என்பதனையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார். ஒன்று நிகழின் மற்றொன்று நிகழும் என்னும் கருத்தை அவ்வாய்பாடு தரும். இவ்வமைப்பு இறந்தகாலத்தின்மேற் செல்லுங்கால் ‘நிகழ்ந்திருப்பின்’ என்னும் வடிவு பிறக்கின்றது. இச்சொல்லை அடிப்படையாகக் கொண்டு எழுவதே நிகழாத வரலாறு என்னும் இலக்கிய வகை. கற்பனை என்ற ஒரே காரணத்தால் அதனை ஒதுக்கிவிடுதல் ஆய்வாளர்க்கு முறையன்று. எவ்வகையான ‘இருப்பின்’ ஏற்கத்தக்கது, எவ்வகையானது வெறும் ஆசை என்று பகுத்துக் காட்டுதலே திறனாய்வின் கடமையாகும்.

பிரெஞ்சுக்காரர் வென்றிருப்பின் தமிழகம் எவ்வாறு இருந்திருக்கும் என்னும் வினா மாணவரிடையே அடிக்கடி எழக் காண்கிறோம். இவ்வினாவைப் பலரும் வந்தவாசிப் போரிலிருந்து தொடங்குவர். அதனினும் பொருத்தமான திருப்புமுனை ஒன்று உண்டு. 1745இல் வட அமெரிக்காவில் செயின்ட் லாரன்சு வளைகுடாவின் நுழைவாயிலருகே நின்ற லூயிபூர்க் கோட்டையை ஆங்கிலேயர் பக்கத்தார் கைப்பற்றினர். 1746இல் லாபூர்தொனே சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினார். 1748ஆம் ஆண்டின் எக்சு-லா-சப்பேல் உடன்படிக்கையால் லூயிபூர் பிரெஞ்சுக்காரர்க்கும் சென்னை ஆங்கிலேயர்க்கும் மீண்டன. கனடா நாட்டு வாயிலுக்கு விலையாகச் சென்னை நகரம் கொடுக்கப்பட்டது என்று கூறினும் மிகையாகாது.

இவ்விரு நிலப்பரப்பையும் பிணைத்தது போர் ஒன்றே அன்று. 1719இல் ஒன்றிணைந்த பிரெஞ்சு இந்தியக் குழுமம் புதுச்சேரியில் துணி வாங்கியது. கனடாவில் பீவர் என்னும் விலங்கின் மென்மயிர்த் தோலை ஏற்றுமதி செய்யும் தனியுரிமையும் அதனிடமே இருந்தது. ஐரோப்பியர் தலையிலணிந்த தொப்பிக்கு அத்தோலின் மயிர் மூலப்பொருள். ஆகவே கனடிய வேட்டுவனும் சோழமண்டலக் கடற்கரை நெசவாளனும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே கணக்கேட்டில் இடம்பெற்றனர். 1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையில் பிரான்சு கனடாவை இழந்தது. புதுச்சேரியை மீளப் பெற்றது. ஏழாண்டுப் போரின் முடிவை ஈரிடத்தும் ஒருங்கே வைத்து நோக்கினாலன்றி இதன் பொருள் விளங்காது.

இனி, இலக்கியச் சான்றுகளை நோக்குவோம். ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) எழுதிய நாட்குறிப்பின் தனிச்சிறப்பு, அதனை எழுதியவர் முடிவை அறியாதவர் என்பது. 1761 சனவரியில் புதுச்சேரி வீழ்வதற்குச் சில நாள்களுக்கு முன்னரே அவர் மறைந்தார். டூப்ளேயின் வெற்றியை எழுதுங்கால் அதன் பின்விளைவு அவருக்குத் தெரியாது. நமக்கு நிகழாத வரலாறாகிவிட்டவை அவருக்கு எதிர்காலமாக இருந்தன. ஆதலின் அந்நாட்குறிப்பின் பக்கங்களில் எத்தனையோ ‘இருப்பின்’கள் உயிரோடு நிற்கின்றன.

பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் நாவல்களை அந்நாட்குறிப்பைத் துணைக்கொண்டு படைத்தார். பின்னது 1995இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. முடிவறிந்து எழுதும் ஆசிரியர் அவர். முடிவை அறிந்தும், வரலாற்றின் பெரியோரையே போற்றி அமையாமல் எளிய மக்கள்பால் கண் செலுத்தினமை அவருடைய சிறப்பு. எனினும், அந்நாவல்களின் களம் பெரிதும் புதுச்சேரியையும் அதனைச் சூழ்ந்த அரசியலையும் சார்ந்தது. மலைநாடு அங்கே இடம்பெறவில்லை. இது குறையன்று, எல்லை. அவ்வெல்லைக்கு வெளியே நின்று வினாவைக் கேட்கும் கடன் நம்மைச் சார்ந்தது.

அவ்வாறு கேட்பதற்கு ஏற்ற இடம் சேர்வராயன் மலை. ஏற்காட்டை அடுத்த செம்மநத்தம் முதலிய மலையூர்களுக்குக் கடற்கரைப் போர்கள் தொலைவானவை. 1792இல் திப்பு சுல்தானுடன் செய்த உடன்படிக்கையால் சேலப் பகுதி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. மலையாளிப் பழங்குடியினரின் நிலமும் காடும் சுருங்கின.

பிரெஞ்சுக்காரர் வந்திருப்பின் இது நிகழாதிருக்குமோ? ஆம் என்பார் கனடாவைச் சான்று காட்டுவர். அங்கே தோல் வாணிகம் பழங்குடி வேட்டுவரின் திறனையே நம்பி நின்றது; ஆதலின் பிரெஞ்சுக்காரர் அவர்களோடு நட்புறவு பூண்டனர். இவ்வாதம் மேலோட்டமானது. நட்பு, வாணிகப் பொருளின் தன்மையால் விளைந்ததே ஒழிய நாட்டவரின் குணத்தால் விளைந்ததன்று. தோலுக்கு வேட்டுவன் வேண்டும்; காப்பிக்கு நிலமும் கூலியாளும் போதும். இதே பிரெஞ்சுக்காரர் 1715 முதல் பூர்போன் தீவில் காப்பி பயிரிட்டனர். அதற்கு அடிமைகளின் உழைப்பைக் கொண்டனர். அத்தீவில் அடிமைமுறை ஒழிந்தது 1848இல் தான். புதுச்சேரியிலும் 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டமையைப் பிள்ளையின் நாட்குறிப்பே துயரத்துடன் பதிவு செய்கின்றது. கொடி மாறியிருப்பினும் சேர்வராயன் மலைச்சரிவில் காப்பியே விளைந்திருக்கும் என்று கருதுதலே சான்றுகளுக்கு இயைபுடையது.

ஆகவே நிகழாத வரலாற்றைப் புனைவார்க்கு மூன்று அளவுகோல்களை முன்வைக்கலாம். திருப்புமுனை உண்மையில் இருவழியும் செல்லக்கூடியதாய் இருத்தல் வேண்டும். விளைவு, ஆள்வோரின் பெயரைக் காட்டிலும் பொருளியல் காரணங்களை ஒட்டிச் செல்லுதல் வேண்டும். இறுதியாக, மாறியது யாருடைய வாழ்வு என்னும் வினாவிற்கு விடை இருத்தல் வேண்டும். முன்னிரண்டும் பொருந்தி மூன்றாவது இல்லாத புனைவு, ஓர் அரசனுக்கு மாற்றாக மற்றோர் அரசனை அமர்த்திய அளவில் நின்றுவிடும்.

தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து மலையேறினர் என்று சேர்வராயன் மலையாளிகள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். இடம்பெயர்ந்து, மலையில் புதுவாழ்வு அமைத்த மக்களின் கதை அது. ஆளுநரின் வெற்றி தோல்விகளை அது எண்ணுவதில்லை. பிரெஞ்சுக்காரரைப் பற்றிய ‘இருப்பின்’களை எழுதப் புகுவோர் அவ்வாய்மொழி மரபையும் நாட்குறிப்போடு ஒருங்கு வைத்துப் பயிலுவாராயின், தமிழில் இவ்வகை வெறும் ஆசையாக நில்லாது ஆராய்ச்சிக்கு உரியதாக வளரும் என்பது துணிபு.